வலக்கைச் சிக்கல்: கயத்தாறு வட்டாரச் சீட்டாட்ட இரவுகளும் கையில் பிடித்துத் தின்னும் உணவுகளும்

1. நோக்கமும் எல்லையும்

நாலு பேர் கூடிச் சீட்டைக் கலைத்தால் மணி பத்தாவதற்குள் ஒருவருக்குப் பசிக்கும். பசித்தவர் எழுந்து போனால் ஆட்டம் நிற்கும். போகாவிட்டால் அவர் மூளை நிற்கும். எழவும் கூடாது, பசிக்கவும் கூடாது என்றால், உட்கார்ந்த இடத்திலேயே கையில் பிடித்துத் தின்ன என்ன கொடுக்கலாம்? இவ்வினாவைக் கயத்தாறு வட்டாரத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரம் அமைந்த இப்பேரூர் இரண்டு செய்திகளால் அறியப்படுவது. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மனைக் கும்பெனியார் தூக்கிலிட்டது இங்கேதான். திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலை நிற்பதும் இங்கேதான். முன்னதை வரலாற்றுத் துறையும் பின்னதை மின்துறையும் பார்த்துக்கொண்டன. மொட்டை மாடியில் சமுக்காளம் விரித்த பிறகு நடப்பதை எந்தத் துறையும் கையில் எடுக்கவில்லை. அக்குறை இன்றோடு தீர்ந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பதின்மூன்று சீட்டு ரம்மி. கேரமும் தாயமும் ஒப்பீட்டுக்கு மட்டும் வரும். புள்ளிக் கணக்குக்கு ஆடும் ஆட்டங்களே கொள்ளப்பட்டன. காசு வைத்து ஆடுவது எம் துறைக்குள் வராது. காவல் துறைக்குள் வரும்.

கலைச்சொற்கள் குறித்து ஒரு சொல். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்த பிறகு, ஊர் வாயில் வழங்கும் சொல்லை ஆய்வில் வைக்க எவரும் கூச வேண்டியதில்லை. ஆகவே பாதியில் ஆட்டத்தைக் கைவிடும் ஸ்கூட் ஸ்கூட்டாகவும், இடுப்பில் கட்டும் சாரம் சாரமாகவும், புரோட்டா புரோட்டாவாகவும் வரும்.

2. திணை அமைதி

முதல், கரு, உரி சொல்லாமல் ஒரு நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது மரபன்று. முதற்பொருளில் நிலம், கரிசல். பெரும்பொழுது, ஆனியும் ஆடியும் சேர்ந்த முதுவேனில். சிறுபொழுது யாமம், கரண்ட் இருக்கும் பட்சத்தில். கருப்பொருள்களுள் மரம் பனை. விலங்கு, கீழே விரித்த சீட்டின்மேல் நடந்து போகும் பூனை. பறை, கீழ்வீட்டுக் குக்கர் விசில். உணா, இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும். உரிப்பொருள், ஸ்கூட் விடுதலும் ஸ்கூட் விடுதல் நிமித்தமும்.

ஊடல் மருதத்துக்கு உரியது என்பர். எனினும் ஆட்டம் கலைந்து அவரவர் வீட்டுக் கதவைத் தட்டும் வேளையில் அது கரிசலிலும் மயங்கி வரும். இதனைத் திணை மயக்கம் எனக் கொள்க.

3. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முன்னோடியாக மேலை உலகம் கொண்டாடுவது நான்காம் சாண்ட்விச் கோமகன் ஜான் மாண்டேகுவை. 1765-இல் லண்டன் போய்வந்த பிரெஞ்சுப் பயணி குரோஸ்லே, 1770-இல் வெளியிட்ட தம் நூலில், மந்திரி ஒருவர் இருபத்துநான்கு மணி நேரம் சூதாட்ட மேசையை விட்டு எழாமல், வாட்டிய இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே மாட்டிறைச்சியை வைத்துத் தின்றே பொழுதைக் கழித்தார் என எழுதினார். கதை கோமகன் பேரில் நின்றுவிட்டது. வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பனோ 1762 நவம்பர் 24 அன்றைய நாட்குறிப்பிலேயே, கோக்கோ ட்ரீ என்ற லண்டன் கிளப்பில் பெரிய மனிதர்கள் சின்னச் சின்ன மேசைகளில் அமர்ந்து சாண்ட்விச் தின்ற காட்சியைப் பதிந்திருக்கிறார்.

கோமகனின் வாழ்க்கையை எழுதிய என்.ஏ.எம். ராஜர், அவர் கடற்படை நிர்வாகத்தைக் கவனித்தவர், ஆகவே அதைச் சீட்டு மேசையில் தின்றதைவிட அலுவலக மேசையில் தின்றிருக்கவே வாய்ப்பு மிகுதி என்கிறார். ராத்திரி முழுக்க ஆபீசில்தான் இருந்தேன் என்ற வாதம் கயத்தாறில் எந்த வீட்டிலும் எடுபட்டதில்லை என்பதை மட்டும் ஈண்டுச் சுட்டி அமைகிறோம்.

தமிழர் ஆட்டத்தின் தொன்மைக்குக் கீழடியில் கிடைத்த பகடைகளும் ஆட்டக் காய்களும் சான்று. ஆடியவர்கள் நடுவே எதைக் கொறித்தார்கள் என்பதைக் காய்கள் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் நம் மரபில் விடிய விடிய ஆடுவதற்கென்றே அனுமதிக்கப்பட்ட இரவுகள் இரண்டு உண்டு: பரமபதம் உருட்டும் வைகுண்ட ஏகாதசி, தாயம் போடும் சிவராத்திரி. இரண்டும் பட்டினி நாள்! ஆட்டமும் உணவும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சிக்கலை வேரோடு பிடுங்க உணவையே நிறுத்திவிட்டனர். இத்தீர்வின் மேன்மையை மனமார ஒப்புக்கொள்கிறோம். பின்பற்றத்தான் ஆள் கிடைக்கவில்லை.

4. கருதுகோள்

சாண்ட்விச் தீர்த்து வைத்தது கோமகனின் சிக்கலைத்தான், நம்முடையதை அன்று. அவருக்குத் தின்ன இரண்டு கை உண்டு. எந்தக் கை ஓய்வாக இருக்கிறதோ அந்தக் கையால் தின்றுவிட்டுப் போகலாம். நமக்குத் தின்ன ஒரு கைதான். இடக்கையால் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் கிழவி ஒருத்தி இல்லாவிட்டால்கூட அவள் குரல் கேட்கும்.

அந்த இடக்கையோ பதின்மூன்று சீட்டை விசிறியாகப் பிடித்திருக்கிறது. எனவே கட்டிலிருந்து எடுப்பது, கீழே இறக்குவது, தட்டிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது ஆகிய மூன்று தொழிலும் வலக்கையின் தலையில் விழுகின்றன. எடு, இறக்கு, தின், மறுபடி எடு. இதுவே வலக்கைச் சிக்கல். தட்டில் இருக்கும் எண்ணெய் இச்சுழற்சியின் வழியே சீட்டுக்குப் போகிறது; ஒரு சீட்டு எத்தனை கை மாறுகிறதோ அத்தனை பேர் வாய்ப் பட்ட விரலும் அதில் படுகிறது.

இங்கே எச்சில் என்ற பெரும்பொருள் குறுக்கிடுகிறது. தண்ணீர்ச் சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கப்பட்ட சமூகம் இது. ஆனால் அதே சமூகத்தின் அண்ணாச்சி சீட்டுப் போடும்போது கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் போடுகிறார். சுட்டிக்காட்டினால், “சீட்டு ஒட்டுதுல்லா, பின்ன எப்பிடிப் பிரிக்க?” என்கிறார். எச்சில் என்பது தின்பவனுக்கே உண்டு, சீட்டுப் போடுபவனுக்கு இல்லை என்ற விதிவிலக்கு இதனால் பெறப்படும்.

எண்ணெயின் விளைவு சட்ட நோக்கிலும் கருதத்தக்கது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், இறங்கும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியது என்று 1967-இல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஒரு கட்டை வைத்துச் சில மாதம் வடையோடு ஆடினால், ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் ஒரு கறை குடியேறிவிடுகிறது. இஸ்பேட் ராணிக்கு இடது மூலையில் வட்டம். டைமன் ஏழுக்கு நடுவில் கட்டைவிரல் ரேகை. அதன்பின் எதிராளி கையில் இருப்பதை அறிய நினைவாற்றல் வேண்டாம், கண் தெரிந்தால் போதும். நீதிமன்றம் கருதிய திறமை இதுவன்று.

5. காற்று எனும் புறக்காரணி

மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைப் பக்கம் உள்ள கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று இந்தச் சமவெளிக்குள் பாய்கிறது. மலைக்கு அந்தப்பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இங்கே வெறுங்கையோடு வருவதால் வேகத்துக்குக் குறைவில்லை. அதனால்தான் இவ்வளவு காற்றாலைகள். அதனால்தான் காற்றாலைகளைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் சோதனை நிலையமும் கயத்தாறில் இருக்கிறது.

காற்றாலைக்குச் சோதனை நிலையம் உள்ள ஊரில் பொரிக்கு ஒன்று இல்லாதது வருந்தத்தக்கது. ஆடி மாதம் மொட்டை மாடியில் ஒரு தட்டுப் பொரியை வைத்துவிட்டுச் சீட்டை அடுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் தட்டு மட்டும் இருக்கும். சீட்டுக்கும் அதே கதிதான். இறக்கிய சீட்டின்மேல் செல்போனையோ சொம்பையோ கடலை மிட்டாய்ப் பாக்கெட்டையோ தூக்கி வைக்க வேண்டும். இவ்வட்டாரத்தில் சீட்டாட்ட உணவு என்பது பசிக்கு மட்டுமன்று, பாரத்துக்கும் ஆகும்.

6. வகைப்பாடு

இனி உணவுகளை ஐவகைப்படுத்தி, கறை, எச்சில், காற்று, இரகசியம் ஆகிய நான்கு உரைகல்லிலும் உரைத்துப் பார்ப்போம்.

*எறிவகை.* வறுத்த நிலக்கடலை, பொரிகடலை முதலியன. விரலுக்கும் உதட்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு வாய்க்குள் எறியப்படுவதால் எச்சில் சிக்கல் அறவே இல்லை. மணலில் வறுத்த கடலையில் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. குறை, தொலி. கடலையை உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் தொலி எங்கே போகிறது என்பது காற்றின் திசையையும் ஊதுபவரின் மனத்தையும் பொறுத்தது. தோற்றுக்கொண்டிருப்பவர் ஊதும் தொலி பெரும்பாலும் ஜெயித்துக்கொண்டிருப்பவர் மடியில்தான் விழுகிறது. சாத்தூர்க் காரச்சேவு இவ்வகையில் சேரத் துடிப்பது. ஆனால் மிளகாய்ப் பொடி விரலில் தங்கி, அவ்விரல் கண்ணைக் கசக்கும்போது ஆட்டத்தை விட்டே ஆளை அனுப்பிவிடுகிறது. கேரம் பலகையருகே இதற்கு இடமே இல்லை. போரிக் பவுடருக்கும் சேவுத் தூளுக்கும் உள்ள வேறுபாடு ஸ்டிரைக்கருக்கு உடனே தெரிந்துவிடும்.

*கடிவகை.* இதன் தலைமகன் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்பன அதன் பெருமைகள். சூட்சுமம் பாகில் இருக்கிறது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்தில் கடலையைக் கொட்டிக் கிளறி, சூட்டோடு தேய்த்து, வெட்டிவிட்டால் ஆறியபின் கையில் ஒட்டாது. பதம் ஒரு நொடி முந்தினாலும் விரலோடு வரும். விரலோடு வந்தது சீட்டோடு போகும். அப்போது ஒரு சீட்டு எடுக்கக் கை நீட்டினால் இரண்டு வரும், கூடவே சண்டையும் வரும். மேலே தூவிய ரோஸ் கலர்த் தேங்காய்ப்பூவை ஆட்டத்துக்கு முன்பே தட்டிவிடுதல் நலம்.

கறை, எச்சில், காற்று மூன்றிலும் தேறும் கடலை மிட்டாய் நான்காவதில் இடறுகிறது. கடிக்கும்போது எழும் ஓசை மாடி முழுக்கக் கேட்கும். அது பரவாயில்லை, திடீரென்று ஓசை நிற்பதுதான் ஆபத்து. நல்ல சீட்டு வந்ததும் மனிதன் மெல்வதை நிறுத்திவிடுகிறான். இதை முதலில் கண்டறிந்தவர் சீட்டுப் போடும் அதே அண்ணாச்சி.

“என்ன மாப்ள, நெரிக்கிற சத்தம் நின்னுபோச்சி? ஜோக்கரா?”

“இல்ல அண்ணாச்சி, பல்லுல மாட்டிக்கிட்டு.”

“பல்லுல மாட்டுனா மூஞ்சி இப்பிடியா இருக்கும்?”

அடுத்த சுற்றில் அவர் ஸ்கூட் விட்டார். கைமுறுக்குக்கும் தட்டைக்கும் இவ்விதி பொருந்தும்.

*பொதிவகை.* கோட்பாட்டளவில் குறையே காண முடியாத வகை. கார்த்திகைத் தீபத்துக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வீடுகளில் அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டை இதன் சிகரம். பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப்பூ, வறுத்த பாசிப்பருப்பு, ஏலம், சுக்கு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, பனங்குருத்தோலையின் மடிப்புக்குள் திணித்து, இன்னோர் ஓலையால் மூடி, நாரால் கட்டி அவிப்பார்கள். ஓலையே உறை, ஓலையே தட்டு, ஓலையே கைப்பிடி. விரித்துக் கடித்துக்கொண்டே போகலாம். மாவு விரலில் படாது. கனமும் உண்டு, எந்தக் காற்றும் அசைக்காது. மென்மையாதலால் மெல்லும் ஓசை இல்லை, எனவே இரகசியமும் காக்கும். இத்தனை நலனும் கூடிய உணவு வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் விளக்கேற்றும் நாளில் மட்டும் கிடைப்பது ஏன்? விடை ஏழாம் பகுதியில்.

*உருட்டுவகை.* சட்டி நிறையக் குழம்புச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு, சித்தியோ ஆச்சியோ சுற்றி நீட்டிய ஒவ்வொரு கையிலும் ஓர் உருண்டை வைக்கும் முறை. நிலாச்சோற்றுக்கு இதுவே இலக்கணம். எண்ணெய், புளி, காரம் அனைத்தும் உருட்டும் ஒரே கையோடு முடிந்துவிடுகின்றன. வாங்குபவரின் உள்ளங்கைதான் நனையும். விரல் நுனி தப்பிக்கும். ஐந்து பேர் சாப்பிட ஒரு கை மட்டும் கறைபடுவது பொருளாதார நோக்கில் பெருஞ்சாதனை. அந்த ஒரு கைக்குச் சீட்டுப் போட்டார்களா என்று அண்மைக்காலம் வரை எவரும் கேட்கவில்லை. அதுவும் ஏழாம் பகுதிக்கு உரியது.

*குழைவகை.* புரோட்டா, சால்னா. நான்கு உரைகல்லிலும் ஒருங்கே தோற்பது. பிய்த்துப் போட்டு, ஊற்றிக் குழைத்து அள்ளும் உணவுக்கும் சீட்டுக்கும் ஒட்டே கிடையாது. பார்சல் வந்ததும் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். தின்றதும் குழாயடிக்குப் போவார்கள். முதலில் கை கழுவித் திரும்பியவர்மேல் கடைசியில் கழுவியவருக்கு எழும் சந்தேகத்தோடு அன்றைய ஆட்டம் கலையும். எனவே புரோட்டாவை உணவென்று கொள்ளாமல், ஆட்டம் முடிந்தது என்ற அறிவிப்பாகவே கொள்ள வேண்டும். முன்னணியில் இருப்பவரே எப்போதும் பார்சலுக்குப் போன் போடுகிறார் என்பதும் இதற்கு அரண்.

7. விடுபட்ட காரணி

இவ்வளவு தெளிவாக வகுத்த பின்னும் ஒரு தரவு பொருந்தாமல் முரண்டு பிடித்தது. கடிவகையும் பொதிவகையும் முன்னிற்க, ஆட்டக்காரர்கள் ஒரே குரலில் கேட்பது சுடச்சுடப் பருப்பு வடையை. வடை எண்ணெய் கக்குவது. அதைத் துடைக்கச் செய்தித்தாளை நீட்டுவார்கள். தாளில் உணவு பொதியக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்துவிட்டது. தாள் தீர்ந்தால் சாரத்தின் நுனி. இத்தனை கேடும் தெரிந்தே அதைக் கேட்பானேன்?

ஒருநாள் இரவு எம் அண்ணன் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோனதில் உண்மை வெளிப்பட்டது. வடைக்கு ஊறப்போட்ட பருப்பு ஊறியபடியே இருக்க, கடையிலிருந்து கடலை மிட்டாய் வந்தது. அடுப்படியில் வேலையற்றுப்போன மதினி கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு வந்து, சமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கும் ஒரு கை போடுங்க.”

“உனக்குத் தெரியுமாக்கும்?” என்றான் அண்ணன்.

“இத்தன வருசமா கீழ இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.”

சீட்டை வாங்கி அடுக்கினார். கொடுத்த கடலை மிட்டாயைக் கடிக்கவில்லை, முந்தியில் முடிந்துகொண்டார். ஆகவே ஓசையும் இல்லை, ஓசை நிற்கவும் இல்லை. அண்ணன் ஒரு சீட்டை இறக்கப் போய், மதினி முகத்தைப் பார்த்து, மாற்றி இன்னொன்றை இறக்கினான். அதுதான் அவருக்கு வேண்டிய சீட்டு. டிக்ளேர். அண்ணாச்சிக்கு ஃபுல் 80.

“நான் ராணியத்தான் பிடிச்சு வச்சிருக்கேன்னு ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சது?” என்று அண்ணன் கேட்டான்.

“அது முதுகுல இருக்கது என் வடைதான? நான் சுட்டது எனக்குத் தெரியாதா?”

முரண்பட்ட தரவு அக்கணமே பொருந்திவிட்டது. வடையின் ஈர்ப்பு அதன் ருசியில் மட்டும் இல்லை. சுடச்சுட வேண்டுமென்றால் ஒருவர் விடிய விடிய எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாக வேண்டும். நிற்பவர் ஆட வர முடியாது. ஓலைக் கொழுக்கட்டை வருடம் ஒரு முறை வருவதும், உருட்டும் கை சீட்டு வாங்காததும் இதே காரணத்தால்தான். கோமகனின் ரொட்டியை அடுக்கிக் கொடுத்த ஆளின் பெயரை எந்த நாட்குறிப்பும் குறிக்கவில்லை என்பதையும் ஒப்புநோக்குக.

எனவே எம் நான்கு உரைகல்லோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறோம், மற்ற நான்குக்கும் மேலே: செய்தவரும் சமுக்காளத்தில் உட்கார முடிகிற உணவே நல்ல சீட்டாட்ட உணவு.

8. பரிந்துரைகள்

ஆட்டம் தொடங்கும்போது எறிவகை: தொலி நீக்கிய வறுகடலை, ஆளுக்கொரு கிண்ணத்தில். கிண்ணம் தனித்தனியாக இருத்தல் கட்டாயம். பொதுத்தட்டு கவனத்தைச் சிதறடிக்கும். பதினோரு மணிக்குமேல் பசியாற மாலையிலேயே செய்து வைத்த பொடி இட்லி: மினி இட்லியாக அவித்து, நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் புரட்டி, ஊறிய பின் பல்குச்சியில் மூன்று மூன்றாகக் குத்தி வைத்துவிட்டால் விரலில் எண்ணெய் படாது. கடைசியாகக் கடலை மிட்டாய், ஆனால் ஜோக்கர் வந்தாலும் விடாமல் மென்றுகொண்டே இருக்கும் பயிற்சி உடையவர்களுக்கு மட்டும். புரோட்டா, தோல்வியை ஒத்துக்கொண்ட பிறகு. சீட்டுக்கட்டை அவ்வப்போது மாற்றவும்.

இப்பரிந்துரைகளை ஆட்டக்காரர்கள் முன் வைத்தோம். வடைதான் வேண்டும் என்று ஒருமனதாக நிராகரித்தார்கள். மறுவாரம் சிலிண்டர் வந்தது. வடையும் வந்தது, இம்முறை சுட்டவன் அண்ணன். எண்ணெய் துளியும் குடிக்காத, உதிராத, காற்றுக்கு அசையாத, எவர் பல்லுக்கும் இணங்காததால் மெல்லும் ஓசையே எழுப்பாத வடை. நான்கு உரைகல்லிலும் முழு மதிப்பெண் பெற்ற உணவு இந்த ஆய்வில் ஓலைக் கொழுக்கட்டையை விட்டால் இது ஒன்றுதான். தின்ன மட்டும் முடியவில்லை. மதினி அதில் நாலை எடுத்து, இறக்கிய சீட்டுகள் பறக்காதபடி மூலைக்கு ஒன்றாக வைத்துவிட்டு, அன்றும் டிக்ளேர் சொன்னார்.